ராமநாதபுரத்தில் ஒரு வேலை வழிகாட்டி மையம்: ஓராண்டு அனுபவம்

நரம்புகளைத் தாக்கும் தண்டுவட மரப்பு நோய் எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனக்கு உறுதியானது 31 வயதில். அப்போது நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த இடத்துக்கு, இரண்டாம் முறை கண் மங்கி மதுரையில் சிகிச்சை பெற்றுத் திரும்பியபோது, என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் ராமநாதபுரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் இந்தச் சிறிய தொண்டு மையத்துக்குப் போனேன்.

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் வேலை கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. கிடைத்த வேலையில் என்னை நிலைக்க வைத்ததையே நான் பெரிதாகச் சொல்வேன். சேர்ந்த இரண்டாம் வாரம் மையத்து அக்கா நேரில் வந்து, ஒரு பகல் முழுதும் என் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். மதியத்துக்கு மேல் தகரக் கூரைச் சூட்டில், உப்புத்தண்ணீர் பட்டு ஊறிய எடைச்சீட்டில் 3-க்கும் 8-க்கும் எனக்கு வேறுபாடு தெரியாமல் போவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். “நேற்று நல்லாத்தானேம்மா இருந்தே?” என்று கேட்ட முதலாளியிடம், நரம்பின் மேலுறையான மயலின் சிதைந்திருப்பதால் உடல் சூடேறும்போது பார்வையும் காலும் தளரும், குளிர்ந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். மறுநாளே என் மேசை ஐஸ் அறைச் சுவரை ஒட்டிப் போயிற்று. வேலை நேரமும் காலை 6 முதல் பகல் 1 வரை என மாறியது. படகுகள் காலையில் கரை சேர்வதால் கம்பெனிக்கும் இதில் நட்டமில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள்ளேயே கத்திரி வெயிலும் வந்துவிடுவதால், அந்நாட்களில் வீட்டிலிருந்தே கணக்கு முடிக்கவும் ஏற்பாடு செய்தார்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் இந்நோயும் உண்டு. ஆனால் பணியின் நடுவே குறைபாடு நேர்ந்தவரை நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கே பொருந்தும் என்பதை மையம் முதல் நாளே மறைக்காமல் சொன்னது. பொய் நம்பிக்கை தராத அந்த நேர்மைக்காகவே அவர்களிடம் தொடர்ந்து போனேன்.

குறையும் உண்டு. தொண்டி முதல் ராமேஸ்வரம் வரை நேரில் செல்ல அந்த அக்கா ஒருவரே இருப்பதால், அடுத்த முறை அவர் வர ஐந்து வாரம் ஆயிற்று. அலுவலகம் இருப்பது மாடியில். செங்குத்தான படி, லிஃப்ட் கிடையாது. கால் தளர்ந்த நாளில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். அதுவரை, புதிதாகப் போகிறவர்கள் கீழிருந்தே போன் செய்யுங்கள். மனுவையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவர்களே இறங்கி வருகிறார்கள்.