ரயில் செட்டை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் டி.சி.சி. (தண்டவாளம் வழியாகவே கட்டளை அனுப்பி மாடல் எஞ்சினை ஓட்டும் டிஜிட்டல் முறை) ரயில் செட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், ட்ரோன், ஆர்.சி. கார், மாடல் ட்ரெயின் எல்லாம் சர்வீஸ் செய்வதாக போர்டு மாட்டியிருக்கும் கடையில் என்னை ஏமாற்றிவிட்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். இதே ஏமாற்று வேலையை எந்தக் கடையிலும் செய்யலாம்.

மே மாதம் கரண்ட் விட்டு விட்டு வந்துகொண்டிருந்த சமயம். என் எச்.ஓ. அளவு லேஅவுட்டின் (தண்டவாள அமைப்பின்) கமாண்ட் ஸ்டேஷன், அதாவது தண்டவாளத்துக்குக் கரண்டும் கட்டளையும் அனுப்பும் பெட்டி, ஆன் ஆகும், விளக்கு எரியும். எஞ்சின் நகர ஆரம்பித்ததும் பெட்டி செத்துப்போய் மறுபடி உயிர் பெறும். லேப்டாப்பில் ஓடும் ஜே.எம்.ஆர்.ஐ. என்ற மாடல் ரயில் மென்பொருள், இணைப்பு அறுந்துவிட்டது என்று சொல்லும். லேஅவுட்டின் வயரை மொத்தமாகக் கழற்றி, ஒரு தனித் துண்டுத் தண்டவாளத்தில் வைத்து ஓட்டினேன். அதிலும் அதேதான். ஆக கோளாறு தண்டவாளத்தில் இல்லை, பெட்டியில் அல்லது அதற்கு முன்னால்.

கடைக்குப் போன் செய்தபோது, டெஸ்ட் பண்ண ஒரு எஞ்சினும் லேப்டாப்பும் வேண்டும் என்றார்கள். பெட்டி, லேப்டாப்போடு என் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் மாடலைக் கொண்டுபோனேன். நிஜ ஆல்கோ டீசல் எஞ்சினின் சத்தம் ஏற்றிய, இஎஸ்யு நிறுவனத்தின் லோக்சவுண்ட் டிகோடர் (கட்டளையைப் படித்து எஞ்சினை ஓட்டும் சிறு போர்டு) உள்ளே இருந்தது. அந்தச் சத்தத்துக்காகவே பணம் சேர்த்து வாங்கியது.

கடைக்காரர் மல்டிமீட்டரை டி.சி. ரேஞ்சில் வைத்து, டிராக் அவுட்புட்டில் இரண்டு முனையையும் தொட்டார். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி ஆடியது. "பாருங்க சார், அவுட்புட்டே இல்ல. டிரைவர் ஐ.சி. காலி" என்றார். தண்டவாளத்துக்குக் கரண்டைத் தள்ளும் சிப்பைத்தான் அப்படிச் சொன்னார்.

இந்த இடத்தைத்தான் எல்லாரும் மனதில் வைக்க வேண்டும். டி.சி.சி.யில் தண்டவாளத்தில் ஓடுவது நேர் மின்சாரம் இல்லை. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை பிளஸ் மைனஸ் மாறிக்கொண்டே இருக்கும் சதுர அலை. "1" என்ற பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ செகண்ட், "0"வுக்கு 100 அல்லது அதற்கு மேல். அந்த மாற்றத்தில்தான் எஞ்சினுக்கான கட்டளையே போகிறது. டி.சி. ரேஞ்சில் அளந்தால் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று தின்றுவிடும், நன்றாக வேலை செய்யும் பெட்டியும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். ஏ.சி. ரேஞ்சில் வைத்தால் ஓரளவு சுமாரான அளவு தெரியும், அதுவும் துல்லியமாக இருக்காது. சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸ் வீட்டுக் கரண்டை அளக்கச் செய்தது.

இதை அங்கேயே சொன்னேன். "ஆசிலோஸ்கோப்ல போட்டுப் பாத்துட்டுதான் சார் கை வைப்போம், விட்டுட்டுப் போங்க" என்றார்.

திரும்ப வாங்கும்போது ஐ.சி. மாற்றியதற்கு 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வெறும் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், ஜி.எஸ்.டி. பில் இல்லை. கழற்றிய ஐ.சி.யைக் கேட்டால் "குப்பையில போயிருக்கும்" என்றார்கள். லேப்டாப்பைக் கேட்காமலே ஃபார்மட் செய்திருந்தார்கள். கடையில் எஞ்சின் ஓடியது, ஆனால் சத்தம் இல்லை. ஸ்பீக்கர் எரிந்துவிட்டதாம்.

வீட்டில் போட்டால் பழைய கோளாறு அப்படியே இருந்தது.

பெரம்பூரில் ஐ.சி.எஃப்.பில் எலெக்ட்ரிகல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் வந்து பெட்டியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். டிரைவர் ஐ.சி.யின் கால்களுக்கு நடுவில் பழைய தூசி கலையாமல் படிந்திருந்தது. சால்டர் செய்தால் படியும் ஃப்ளக்ஸ் கறை ஒரு பொட்டுகூட இல்லை. "தம்பி, இந்த போர்டுல சால்டரிங் அயர்ன் படவே இல்லப்பா" என்றார். பிறகு அடாப்டரைக் கையில் எடுத்தார். சும்மா அளந்தால் 15 வோல்ட். காரின் பிரேக் லைட் பல்பு ஒன்றை மின்சாரம் இழுக்கும் லோடாகப் போட்டதும் 5 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தது. எஞ்சின் நகரும்போது பெட்டி செத்துப்போனதற்கு இதுதான் காரணம். அதே ரிச்சி தெருவில் வேறொரு கடையில், பில்லோடு, 650 ரூபாய்க்குப் புது அடாப்டர் வாங்கினேன். எல்லாம் ஓடுகிறது.

சத்தம் மட்டும் வரவில்லை. எஞ்சினை புரோகிராமிங் டிராக்கில் (டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் தண்டவாளம்) வைத்து சி.வி. 8-ஐப் படித்தேன். சி.வி. என்பது டிகோடருக்குள் எண்ணிட்டுச் சேமித்திருக்கும் அமைப்பு. எந்த டிகோடரானாலும் அதைச் செய்த நிறுவனத்தின் எண் அதில் இருக்கும். இஎஸ்யு என்றால் 151, ஜிமோ 145, டிஜிட்ராக்ஸ் 129. எனக்கு 151 வரவில்லை. மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே சத்தமே தராத, பெயர் இல்லாத மலிவு டிகோடர். ஸ்பீக்கரை மீட்டரில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய டிகோடரின் வகையும் அமைப்புகளும் என் ஜே.எம்.ஆர்.ஐ. ரோஸ்டரில் (எஞ்சின் பட்டியலில்) பதிவாகி, அதன் நகல் பென்டிரைவில் இருந்தது. அந்தப் பதிவை அழிக்கத்தான் லேப்டாப்பை ஃபார்மட் செய்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. இதைப் பற்றிக் கேட்டதும் "நீங்க கொடுத்ததைத்தான் சார் திருப்பிக் கொடுத்தோம்" என்று போனை வைத்துவிட்டார்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன் எஞ்சினின் சி.வி. 8-ஐயும் முகவரியையும் (அதை அழைக்கும் எண்) படித்து, மூடியைத் திறந்து டிகோடரை போட்டோ எடுத்து, இரண்டையும் ஜாப் சீட்டில் எழுதி கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அடாப்டரை லோடு போட்டு அளக்காமல் போர்டில் கை வைக்க விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

யாராவது உங்களிடம் ஆல்கோ சத்தம் ஏற்றிய பழைய லோக்சவுண்டை விற்க வந்தால், வாங்கும் முன் சி.வி. 17, 18 இரண்டையும் படித்துப் பாருங்கள். இந்த இரண்டிலும் சேர்ந்துதான் முகவரி இருக்கும்; அது 6514 என்று வந்தால் என்னுடையது. உடனே எனக்குத் தகவல் கொடுங்கள்.