ஜப்பானில் துணைவருக்கு வேலை: ஹலோ வொர்க்கை எவ்வளவு நம்பலாம்?

கணவருக்கு டோக்கியோவில் ஐடி வேலை, மனைவிக்கு டிபென்டென்ட் விசா. ஊரில் அவரும் சம்பாதித்தவர்தான். வீட்டுச் சாமான் வாங்கி முடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கையோடு ‘எனக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும்?’ என்ற கேள்வி கிளம்பும். முன்பே வந்தவர்கள் சொல்லும் பதில்: ‘ஹலோ வொர்க் போய்ப் பாருங்க.’ மனைவி வேலைக்கு வந்து கணவர் கூட வந்திருந்தாலும் விதி ஒன்றுதான்.

ஹலோ வொர்க்குக்கு ஐந்து மதிப்பெண்ணில் மூன்றரை கொடுக்கலாம். பகுதி நேர வேலைக்கு நாலரை. ஆங்கிலத்தை மட்டும் நம்பி முழுநேர அலுவலக வேலை தேடுபவருக்கு இரண்டுதான்.

ஹலோ வொர்க் என்பது ஜப்பானின் சுகாதார, தொழிலாளர், நலத்துறை அமைச்சகம் நடத்தும் வேலைவாய்ப்பு அலுவலகம். நாடு முழுக்க 500க்கும் மேல் இருக்கின்றன. நம்மூர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பது போல் இல்லை. போன அன்றே ஒரு கம்பெனிக்கு போன் போட்டுக் கொடுப்பார்கள். வேலை தேடுபவரும் காசு கொடுக்க வேண்டாம், ஆள் எடுக்கும் முதலாளியும் கொடுக்க வேண்டாம். இதன் நல்லது கெட்டது இரண்டுமே அந்த இலவசத்தில்தான் இருக்கிறது. தனியார் வேலைத் தளத்துக்குக் கட்டணம் கட்ட மனமில்லாத சின்னக் கம்பெனிகளும் இங்கே விளம்பரம் போடும். அதனால் வீட்டுப் பக்கத்து வேலைகள் ஏராளம், ஆங்கிலத்தில் இயங்கும் பெரிய நிறுவனங்கள் அபூர்வம்.

எந்தக் கவுன்ட்டருக்குப் போவது என்பதில்தான் பலருக்கு ஒரு நாள் வீணாகிறது. டோக்கியோவில் வெளிநாட்டவருக்கென்றே இரண்டு இடங்கள் உள்ளன. யோட்சுயா டவரின் 13ஆவது மாடியில் இருப்பது, படிப்பு முடிக்கும் மாணவர்களுக்கும் பொறியாளர், மொழிபெயர்ப்பாளர் மாதிரி தொழில்முறை விசாவில் வேலை தேடுபவர்களுக்கும். டிபென்டென்ட் விசாவில் பகுதி நேர வேலை தேடுபவர், ஜப்பானியரை மணந்தவர், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் ஆகியோருக்கான இடம் ஷின்ஜுகுவில், காபுகிச்சோ கட்டடத்தில் இருக்கிறது. காபுகிச்சோ இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன பகுதி என்று தயங்க வேண்டாம். பகலில் அது ஒரு சாதாரண அரசு அலுவலகம்தான். (அந்தத் தெருவின் பேர்போன தொழில்களில்தான் டிபென்டென்ட் விசாக்காரர் வேலை செய்யவே கூடாது என்பது வேறு விஷயம்.)

தமிழர்கள் நிறைய இருக்கும் நிஷி கசாயிலிருந்து யோட்சுயாவுக்கு, தோசாய் லைனில் ஈதாபாஷி வரை போய் நம்போகு லைன் மாற வேண்டும். காபுகிச்சோவுக்கு அதே தோசாயில் தகாதானோபாபா போய், அங்கிருந்து செய்பு லைனில் ஒரே ஸ்டேஷன், செய்பு ஷின்ஜுகு. ஜப்பானிய மொழி ஓரளவு பேசுபவர் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நிஷி கசாய் இருக்கும் எதோகாவா வார்டுக்கு உரிய அலுவலகம் தோசாய் லைனிலேயே கிபாவில் இருக்கிறது. கணினியில் தெரியும் வேலைப் பட்டியல் எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளர்தான் வித்தியாசம், அவரும் எல்லா நேரமும் இருக்க மாட்டார், எந்தக் கிழமை எந்த மொழி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆங்கிலம் கிடைக்கும், நேபாளி கூட போன் வழியாகக் கிடைக்கும். தமிழ் கிடையாது.

போவதற்கு முன்னால் உங்கள் ஸைர்யூ கார்டை, அதாவது வெளிநாட்டவருக்கான வசிப்பு அட்டையை, திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தின் கீழ்ப் பகுதியில் வாரம் 28 மணி நேரம் வேலை செய்ய அனுமதி என்ற முத்திரை இல்லையென்றால் எந்தக் கவுன்ட்டரும் உங்களை வேலைக்கு அனுப்ப முடியாது. இந்த அனுமதியின் பெயர் ஷிகாகுகாய் கட்சுதோ கியோகா. புதிதாக வரும் மாணவர்கள் இதை விமான நிலையத்திலேயே வாங்கிவிடுவார்கள். அதைப் பார்த்து டிபென்டென்ட்களுக்கும் அங்கேயே கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள், கிடைக்காது. குடிவரவு அலுவலகத்தில், டோக்கியோவாசிகள் என்றால் ஷினகாவாவில், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. படிவம், பாஸ்போர்ட், ஸைர்யூ கார்டு போதும். இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். ஆகவே வார்டு ஆபீசில் முகவரி பதிந்த அடுத்த வேலை இதுவாக இருக்கட்டும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்த அனுமதி விசாக் காலத்தோடு முடிந்துவிடும். விசாவைப் புதுப்பிக்கும்போது இதற்கும் தனிப் படிவம் சேர்த்துக் கொடுக்காவிட்டால், புதுக் கார்டின் பின்பக்கம் வெறுமையாக வரும். அது தெரியாமல் மறுநாள் வழக்கம்போல் கடை வேலைக்குப் போனால் அது சட்டவிரோத வேலை. 28 மணி என்பதும் ஒரு கடைக்கு 28 என்று அர்த்தமில்லை. இரண்டு கடையில் வேலை செய்தால் இரண்டும் சேர்த்து 28. ஞாயிறு முதல் சனி வரை என்ற கணக்கும் செல்லாது, எந்தக் கிழமையிலிருந்து ஏழு நாள் எண்ணினாலும் தாண்டக் கூடாது. பச்சிங்கோ என்ற சூதாட்ட இயந்திரக் கடை, மாஜாங் ஆட்டக் கிளப், ‘ஸ்நாக்’ என்று பலகை தொங்கும் மதுக்கூடம் இவற்றில் பாத்திரம் கழுவும் வேலை கூடக் கூடாது.

சரி, கவுன்ட்டருக்குள் போவோம். முதலில் பதிவு. பெயர், படிப்பு, வேலை அனுபவம், எந்த நேரம் வர முடியும் என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பிவிட்டுப் போனால் அரை மணி நேரம் மிச்சம். ஒரு பதிவு எண் தருவார்கள். பிறகு கணினியில் தேடி, பிடித்த வேலையின் தாளை அச்செடுக்கலாம். இதுதான் க்யூஜின்ஹ்யோ. மேலே 13 இலக்க எண் இருக்கும், அதைச் சொன்னால் போதும். அதை எடுத்துக்கொண்டு ஆலோசகர் முன்னால் உட்கார வேண்டும்.

இந்தச் சேவையின் மொத்த மதிப்பும் அடுத்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. ஆலோசகர் தாளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கம்பெனிக்கு போன் போடுவார். ‘காய்கொகுசெகி நோ கதா தெசு கா’ என்பார், அதாவது ஆள் வெளிநாட்டவர் என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு கேள்விகள் வரும்: என்ன விசா, வாரம் எத்தனை மணி, கான்ஜி எழுத்து வாசிப்பாரா, போனில் பேசுவாரா. ஆலோசகர் உங்களைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் பதில் சொல்வார். 28 மணி நேர விதியைப் பற்றிப் பயப்படும் முதலாளிக்கு அரசு ஊழியரே அதை விளக்குவது எந்த வேலைத் தளத்திலும் கிடைக்காத உதவி. தேசியத்தைக் காரணம் காட்டி வேலை அறிமுகத்தில் பாகுபாடு கூடாது என்பது சட்டம். ஆனால் மொழி போதாது என்று மறுக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் மறுப்பார்கள். மறுத்தால் அங்கேயே அடுத்த தாளுக்குப் போகலாம். பத்து இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். சம்மதித்தால் நேர்காணல் தேதி குறித்து, ஷோகைஜோ என்ற அறிமுகக் கடிதம் தருவார்கள். அதை ரிரெகிஷோ என்ற சுயவிவரப் படிவத்தோடு சேர்த்து நேர்காணலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரிரெகிஷோ நம்ம பயோடேட்டா இல்லை. குறிப்பிட்ட கட்டங்கள் கொண்ட படிவம், நான்குக்கு மூன்று சென்டிமீட்டர் படம், படிப்பும் வேலையும் பழசிலிருந்து புதுசு வரிசையில். அமைச்சகமே 2021இல் ஒரு மாதிரிப் படிவம் வெளியிட்டது. அதில் துணைவர் உண்டா, சார்ந்திருப்பவர் எத்தனை பேர் என்ற பழைய கேள்விகள் இல்லை. கடையில் பழைய படிவம் வாங்காமல் இதையே பயன்படுத்துங்கள்.

க்யூஜின்ஹ்யோ வாசிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிரும். முழுநேர வேலை என்றால் மொத்தச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். அடிப்படைச் சம்பளமான கிஹோன்க்யூ எவ்வளவு, ‘கொதேய் ஸாங்யோதாய்’ என்று ஓவர்டைம் பணத்தை முன்கூட்டியே அதில் திணித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வருட விடுமுறை 105 நாள் என்றிருந்தால், நாளுக்கு எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் அனுமதிக்கும் அடிமட்டம் அது. 120க்கு மேல் என்றால்தான் சனி, ஞாயிறும் அரசு விடுமுறையும் கிடைக்கும். ‘ஹாகென்’ என்றிருந்தால் விளம்பரம் போட்டவர் இடைத்தரகர், வேலை வேறொரு இடத்தில். விளம்பரத்தின் பதிவுத் தேதியையும் கவனியுங்கள். பதிந்த மாதத்துக்கு அடுத்த இரண்டாவது மாதக் கடைசி வரை அது செல்லும். அதன் பிறகும் அதே கம்பெனி அதே வேலையைத் திரும்பத் திரும்பப் போடுகிறதென்றால், ஆட்கள் அங்கே நிலைப்பதில்லையா என்று ஆலோசகரிடமே கேட்கலாம். நேராகப் பதில் வராவிட்டாலும் முகத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கவுன்ட்டர் தானாகச் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. குடிவரவு விதி 28 மணி என்றாலும் காப்பீட்டு விதி அதற்கு முன்பே குறுக்கே வரும். டோக்கியோவில் 2025 அக்டோபரிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென். வாரம் 28 மணி, 52 வாரம் என்றால் சுமார் 17.85 லட்சம் யென். முழுநேர வேலையில் இருக்கும் கணவர் அல்லது மனைவியின் நிறுவனக் காப்பீட்டில் சார்ந்தவராக இருக்க வருட வருமானம் 13 லட்சத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். தாண்டினால் சொந்தமாக மருத்துவக் காப்பீடும் தேசிய ஓய்வூதியமும் கட்ட வேண்டும். ஓய்வூதியம் மட்டும் 2025 நிதியாண்டில் மாதம் 17,510 யென். 13 லட்சத்தை 1,226ஆல் வகுத்தால் வாரத்துக்கு 20 மணி சொச்சம்தான் வருகிறது. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனி என்றால் ஒப்பந்தத்தில் வாரம் 20 மணி எழுதிய உடனே ஊழியர் காப்பீட்டில் சேர்த்துவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கு 9.15 சதவீதம், மருத்துவத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆக வேலை நேரம் 19 மணியில் நிற்கட்டும், இல்லையென்றால் 28ஐ முழுசாக எடுங்கள். 21, 22 மணி வேலைதான் இரண்டும் கெட்டான்.

முழுநேரம் என்றால் கதை வேறு. பட்டப்படிப்பு இருந்து, அதற்குப் பொருத்தமான அலுவலக வேலை கிடைத்தால் டிபென்டென்ட்டிலிருந்து சொந்த வேலை விசாவுக்கு மாறலாம். அனுமதி கையில் வரும் வரை முழுநேரமாகத் தொடங்கக் கூடாது. இதைவிடச் சுலபமான வழி ஒன்றைப் பலர் கவனிப்பதே இல்லை. கணவரோ மனைவியோ சம்பளம், வயது, படிப்பு, மொழி எல்லாம் சேர்த்து 70 புள்ளி எடுத்து உயர்திறன் விசா வாங்கிவிட்டால், கூடவே வாழும் துணைவர் பட்டமோ அனுபவமோ காட்டாமலே அலுவலக வேலையை முழுநேரமாகச் செய்ய விண்ணப்பிக்கலாம். சம்பளம் ஜப்பானியருக்குக் கொடுப்பதற்குக் குறையக் கூடாது. ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை தேறினால் அந்தப் புள்ளிக் கணக்கில் 10, என்1 என்றால் 15. ஹலோ வொர்க் ஆலோசகருக்கு விசா வேலை இல்லை, இதை அவர் எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த மென்பொருள்காரர் இங்கே வரிசையில் நிற்பதைவிட டோக்கியோதேவ், ஜப்பான் தேவ், லிங்க்ட்இன் பக்கம் போவது நல்லது. ஓட்டல் அறை சுத்தம், உணவுத் தொழிற்சாலை, பள்ளிச் சமையலறை, கிடங்கு இப்படி மொழி குறைவாகத் தேவைப்படும் வேலைக்கும், என்3 அளவில் பேசும் ஒருவர் முதல் ஜப்பானியச் சம்பளத்தை வாங்குவதற்கும் ஹலோ வொர்க்கை மிஞ்ச ஆளில்லை.

பதிவு எண்ணுக்கும் ஆயுள் உண்டு: பதிந்த மாதத்துக்கு அடுத்த இரண்டாவது மாதத்தின் கடைசி நாள். வேலை கிடைத்ததும் க்யூஜின்ஹ்யோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது ஒப்பந்தம் ஆகாது. முதல் நாளே ரோதோ ஜோகென் ட்சூச்சிஷோ என்ற வேலை நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து மணி, கூலி, போக்குவரத்துப் படி மூன்றையும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அறிமுகம் செய்த கவுன்ட்டருக்கே இரண்டு தாளோடும் போகலாம். விளம்பரத்துக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் புகார் செய்யவென்றே ஹலோ வொர்க்குக்குத் தனித் தொலைபேசி எண்ணும் உண்டு.