5 லீற்றர் கைப்பம்பு: ஒரு வருடம் மருந்தடித்த பிறகு

போன தையில் பழைய சோனகத் தெருவில் இந்தப் பம்பை வாங்கினேன். பிளாஸ்ரிக் தாங்கி, தோளில் கொழுவ ஒரு பட்டி, அமுக்கிக் காற்றேற்றும் பிடி, நுனியில் பித்தளை நொசில். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது.

வெள்ளவத்தையில் எங்கள் பின்வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மா, ஒரு கொய்யா, ஒரு தேசி. மாமரம், அம்மா சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒட்டுக்கன்று. பம்பு வாங்குவதற்கு முந்தின வருடம் மாம்பூங்கொத்தெல்லாம் கறுத்து உதிர்ந்துபோனது. தப்பிய பத்துப் பன்னிரண்டு காயும் பழுக்கிற நேரம் கரும்புள்ளி விழுந்து அழுகின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை; அழுகினதைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தா. அன்றைக்கே பம்பு வாங்குவதென்று முடிவெடுத்தேன்.

அது அந்திரக்னோஸ் என்ற பூஞ்சண நோய். பிஞ்சிலேயே உள்ளே புகுந்து, காய் பழுக்கும்வரை வெளியே தெரியாமல் கிடக்கும். புள்ளியைக் கண்ட பிறகு அடித்துப் பயனில்லை. செம்பு மருந்து முதலே படிந்திருந்தால்தான் தடுக்கும். அதனால் பூ மொட்டாக இருக்கும்போதே போர்டோ கலவை அடித்தேன்: 5 லீற்றருக்கு மயில்துத்தம் (செம்புச் சல்பேற்று) 50 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 50 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்துச் சேர்த்தபின், தேய்த்த இரும்பாணி ஒன்றை ஒரு நிமிடம் அதற்குள் விட்டுப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு காணாது. கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும். பூ விரிந்த பிறகு தேனீக்கள் வரும். அப்போது நான் பம்பைத் தொடுவதில்லை.

இந்தப் பம்பின் நல்ல குணம் அதன் தூவல். நொசிலை அரைத் திருகு திருகினால் பனிப்புகை போல வருகிறது. கொய்யா இலையின் அடியில் மாவுப்பூச்சி அப்பியிருந்தது, எறும்பு வரிசையாக ஏறியது, மேல் இலைகள் விளக்குப் புகை படிந்தமாதிரிக் கறுத்திருந்தன. 25 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கரைத்து 5 லீற்றராக்கி, குழாயை நிமிர்த்தி இலைக்கு அடியிலிருந்து அடித்தேன். வாரத்துக்கு ஒருதரம், மூன்று தரம். புதுத் தளிர் சுத்தமாக வந்தது.

குறைகளும் உண்டு. உள்ளே வடிகட்டி இல்லை. முதல் நாளே சுண்ணாம்புத் துகள் நொசிலை அடைத்துவிட்டது. இப்போது பழைய வேட்டித் துணியில் வடித்துத்தான் ஊற்றுகிறேன். ஏழாம் மாதம் பிடியின் றப்பர் வொஷர் எண்ணெயில் ஊறிப் பருத்து, காற்று நிற்கவில்லை. வாங்கின கடைக்குப் போனால், "வொஷர் தனியா இல்லை அக்கா, புதுப் பம்பு எடுங்க" என்றார்கள். ஒரு றப்பர் வளையத்துக்காக முழுப் பம்பையும் எறியச் சொல்வது எனக்குச் சரியாகவே படவில்லை. நாலு கடை தள்ளி ஒரு முதியவர் அளவு பார்த்து எடுத்துத் தந்தார். வேப்பெண்ணெய் அடித்த நாளில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வெறும் தண்ணீரையும் ஒருதரம் அடித்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள்.

பத்தடிக்கு மேல் எட்டாது. அதனால் நான் மாமரத்தின் நடுக்கொப்பை வெட்டி உயரத்தைக் குறைத்தேன். வெளிச்சமும் காற்றும் உள்ளே போகிறது, ஈரம் கெதியாய்க் காய்கிறது. உயர்ந்த மரம் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் விடிய ஆறு மணிக்கே, வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு அடியுங்கள். பகலில் கடற்காற்று எழும்பினால் மருந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில்தான் போய் விழும்.

இந்த வருடம் நாற்பத்தொரு பழம். அம்மா எண்ணினா.