கைவிடப்பட்ட லேண்ட் ரோவர் சீரிஸ் 3: மீட்டெடுக்கத் தகுமா?

பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் நிற்கும் ஒரு லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டியை வாங்கி மீட்டெடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், இன்ஜின் ஓடுமா என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். இந்த மாடலைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முடிவைத் தீர்மானிப்பவை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ், பல்க்ஹெட் எனப்படும் இரும்பு முன்தடுப்பு, பாகங்களின் முழுமை ஆகிய மூன்றுதான் என்பது என் உறுதியான கருத்து. இவற்றில் இரண்டு நன்றாக இருந்தால், ஓடாத வண்டியையும் தயங்காமல் வாங்கலாம். மூன்றும் கெட்டிருந்தால், சாவியைத் திருப்பியதும் சீறிக் கிளம்பும் வண்டியைக்கூட விட்டுவிடுவதே நல்லது.

1948-இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமான முதல் லேண்ட் ரோவருக்கு ஏணி போன்ற இரும்புச் சேஸிஸும், அதன்மேல் அலுமினியப் பாடியும், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங்கில் அமர்ந்த ஆக்ஸில்களும் இருந்தன. 1971 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் 3-இலும் அதே அமைப்புதான் தொடர்ந்தது. ஆனால் இதற்கு முந்தைய சீரிஸ் 2, 2ஏ வண்டிகளில் மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மட்டுமே இருந்த சின்க்ரோமெஷ் (உரசலின்றிக் கியர் மாற்ற உதவும் அமைப்பு) இதில் நான்கு கியர்களுக்கும் வந்தது. மின்சாரம் தரும் டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்டது. நடுவில் இருந்த மீட்டர்கள் ஓட்டுநரின் கண்ணெதிரே நகர்ந்தன. 1976-இல் வெளிவந்த பத்து லட்சமாவது லேண்ட் ரோவர் ஒரு சீரிஸ் 3 என்பதிலிருந்தே, இந்த வண்டிகளுக்கு இன்றும் உதிரிபாகங்கள் கிடைப்பதற்கான காரணம் விளங்கும். பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் மீட்டெடுக்க மிகவும் ஏற்றது இதுவே என்று நான் சொல்வதற்கும் அதுதான் அடிப்படை.

வாங்குபவரை ஏமாற்றுவதில் முதலிடம் அலுமினியப் பாடிக்குத்தான். பிர்மாப்ரைட் என்னும் அலுமினிய-மக்னீசியக் கலவைத் தகடுகள் துருப்பிடிப்பதில்லை. ஆகவே பல ஆண்டுகள் மழையில் நின்ற வண்டியும், பெயின்ட் மங்கியதைத் தவிர வேறு குறையில்லாததுபோல் தோன்றும். அதற்கு அடியில் சேஸிஸோ இரும்புத் தகடுகளைப் பெட்டிபோல் பற்றவைத்துச் செய்தது. சேறும் நீரும் அந்தப் பெட்டிக்குள் புகுந்து தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே தகடு காகிதமாக மெலிந்திருக்கலாம். எனவே வண்டிக்கு அடியில் படுத்து, சிறிய சுத்தியலால் முழு நீளத்துக்கும் தட்டிக் கேட்பது கட்டாயம். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாகச் சத்தமிடும் அல்லது உள்ளே அமுங்கும். பின்பக்கக் குறுக்குச்சட்டம், பாடியைத் தாங்கும் பக்கக் கைகள், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், பம்பரைத் தாங்கும் முன் நுனிகள் ஆகியவற்றில் தனிக் கவனம் வேண்டும். பின்பக்கக் குறுக்குச்சட்டம் மட்டும் போயிருந்தால் பயப்பட வேண்டியதில்லை, ஏனெனில் அதைத் தனியாக வாங்கிப் பற்றவைக்க முடியும். ஸ்பிரிங் மாட்டும் இடங்களுக்கு அருகே முதன்மைச் சட்டமே அரித்திருந்தால்தான் கணக்கு முற்றிலும் மாறுகிறது.

இங்கே பழைய ஒட்டு வேலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். துருவை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே தகடு வைத்துப் பற்றவைத்த சேஸிஸ்கள் ஏராளமாக இருக்கின்றன. அப்படி அடுக்கிய தகடுகளுக்கு இடையே ஈரம் தங்கி, அரிப்பு முன்னைவிட வேகமாகப் பரவும். ஒரே சேஸிஸில் இத்தகைய ஒட்டுகள் பல இடங்களில் தென்பட்டால், அதைச் சரிசெய்யும் எண்ணத்தை விட்டுவிட்டு, துத்தநாகம் பூசிய புதிய சேஸிஸுக்கே கணக்குப் போட வேண்டும். அத்தகைய சேஸிஸ்களை இன்றும் தயாரித்து விற்கிறார்கள். தரமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை மாற்றுவது என்றால் வண்டியைக் கடைசி போல்ட்டு வரை பிரிப்பது என்று பொருள். பிரித்த பிறகு ஒவ்வொரு புஷ்ஷும், பிரேக் குழாயும், வயரும் புதிதாகத்தான் வேண்டும் என்று மனம் கேட்கும். நியாயமான ஆசைதான் என்றாலும் செலவு பெருகுவது அங்கேதான்.

பல்க்ஹெட், இன்ஜினுக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே நிற்கும் இரும்பு அமைப்பு. கதவின் கீல்கள், பெடல்கள், ஸ்டீயரிங், கண்ணாடிச் சட்டம் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. கால் வைக்கும் குழிகள், கதவுத் தூண்களின் அடிப்பகுதி, காற்று வரும் மூடிகளுக்கு அருகிலுள்ள மேல் மூலைகள் ஆகிய இடங்களில் இது முதலில் கெடும். கால் குழிகளைத் தகடு வாங்கி மாற்றுவது எளிது. தூண்கள் அரித்திருந்தால் அளவு சிறிதும் பிசகாமல் பற்றவைக்க வேண்டும், இல்லையேல் கதவு ஒருநாளும் சரியாக மூடாது. சேஸிஸைவிடவும் பல்க்ஹெட்டுக்கே நான் அதிக எடை கொடுப்பேன். சேஸிஸை மாற்றுவது உழைப்பு. பல்க்ஹெட்டைச் சீர்செய்வதற்குக் கைத்தேர்ச்சி தேவைப்படுகிறது, அது எல்லா வெல்டரிடமும் இருப்பதில்லை. அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அலுமினியத்தை அரித்திருக்கின்றன என்று அறியலாம். கதவின் அடிப்பகுதியில் இது மிகச் சாதாரணம்.

இப்போது இன்ஜினுக்கு வரலாம். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 2,286 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் அல்லது அதே கொள்ளளவுள்ள டீசல். 1980 வாக்கில் கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் முதன்மை பேரிங்குகள் மூன்றிலிருந்து ஐந்தாயின. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் பின்னதையே எடுக்கலாம். நெடுங்காலம் நின்ற இன்ஜினைப் பேட்டரி வைத்து உடனே சுழற்றிப் பார்ப்பது பெரும் தவறு, ஏனெனில் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் பிஸ்டன் வளையங்கள் அந்த வேகத்தில் உடையக்கூடும். பெட்ரோல் வண்டியென்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய எண்ணெயை ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, அதன்பின் முன் பம்பரிலுள்ள துளை வழியே கைப்பிடிக் கம்பியைச் செருகி மெதுவாகச் சுற்ற வேண்டும். கையால் சுற்ற இடமளிப்பது இந்த வண்டியின் அருமையான குணம். சீராகச் சுற்றினால், பிளக்குகளை மாட்டி மீண்டும் சுற்றி, நான்கு சிலிண்டரும் ஒரே அளவு எதிர்க்கின்றனவா என்று கையாலேயே உணரலாம். சுற்றவே மறுத்தாலும் வண்டியை ஒதுக்க வேண்டாம். விலையில் அதைக் கழித்துக்கொண்டால் போதும்.

கியர்பாக்ஸைப் பொறுத்தவரை, ஓடாத வண்டியில் அதிகம் சோதிக்க முடியாது. கிளட்ச் தட்டு ஃபிளைவீலோடு துருவேறி ஒட்டியிருப்பது வழக்கம், அது சிறிய பிரச்சினைதான். மஞ்சள் குமிழும் சிவப்பு லிவரும் அசைகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, சாதாரண ஓட்டத்துக்கான மேல் கியர் வரிசையில் முன் சக்கரங்களுக்கு இயக்கத்தை இணைப்பது; இரண்டாவது, மெதுவாக அதிக இழுவிசையோடு ஓட்டுவதற்கான கீழ் வரிசைக்கு மாற்றுவது. முன் ஆக்ஸிலின் இரு முனைகளிலும் சக்கரம் திரும்புவதற்காக உள்ள குரோம் பூசிய உருண்டைகளைத் துடைத்துப் பார்க்கையில் குழிகள் தெரிந்தால், எண்ணெய் சீல்களை எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகும். உருண்டைகளையே மாற்ற வேண்டியிருக்கும். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 109 அங்குலம் உள்ள நீள வண்டியின் சாலிஸ்பரி வகைப் பின் ஆக்ஸில் மிக வலுவானது. 88 அங்குலம் உள்ள குட்டை வண்டியின் ரோவர் வகை ஆக்ஸிலில் சக்கரங்களைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்டுகள், முரட்டுத்தனமாக ஓட்டினால் முறியும். பிரேக் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், டயர்கள் எல்லாம் எப்படித் தோன்றினாலும் மாற்றத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 70 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பவர் இல்லாத ஸ்டீயரிங், லிட்டருக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் இரைச்சலில் பேச்சு கேட்காது. நெடுஞ்சாலையில் தினமும் ஓட்ட விரும்புபவருக்கு இது தகாது. ஆனால் ஒவ்வொரு பாகத்தின் வேலையும் கண்ணுக்குத் தெரிகிற, சாதாரண ஸ்பேனர்களால் முழுதும் பிரித்துப் பூட்டக்கூடிய வண்டி இது. அந்த நிறைவை நாடுபவருக்கு இதைவிடச் சிறந்த துணை எனக்குத் தெரியவில்லை.

பணம் கொடுக்கும் முன் சேஸிஸின் முன் நுனியில் பொறித்த எண்ணையும், வண்டிக்குள் உள்ள தகட்டையும், பதிவு ஆவணத்தையும் ஒப்பிட வேண்டும். எண் துருவில் மறைந்திருந்தால் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் பார்க்கலாம். எண்கள் பொருந்தாவிட்டால், வேறு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலகிக்கொள்வதே சரி.

கடைசியாக, வேறொருவர் மீட்டெடுக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திய வண்டிகளைப் பற்றி. சேஸிஸுக்கு அழகாகப் பெயின்ட் அடித்து, மற்ற எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு விற்பார்கள். கடினமான வேலை முடிந்துவிட்டதாகவும் சொல்வார்கள். பெட்டிக்குள் எது இல்லை என்பது வண்டியைப் பூட்டும்போதுதான் தெரியவரும். இருக்கைச் சட்டம், ஹீட்டர், கதவுக் கீல், மீட்டர் பலகை போன்ற சிறு பொருள்கள் ஒவ்வொன்றாகத் தேடி வாங்கப்படும்போது, மொத்தச் செலவு ஒரு புதிய சேஸிஸின் விலையையும் மிஞ்சிவிடக்கூடும். எந்த போல்ட் எங்கே இருந்தது என்ற அறிவும் பிரித்தவரோடு போய்விட்டிருக்கும். தூசி மூடி, டயர் இறங்கி, ஆனால் யாரும் கை வைக்காமல் நிற்கும் வண்டியும் இத்தகைய வண்டியும் ஒரே விலைக்குக் கிடைத்தால், நான் முதலாவதையே எடுப்பேன்.