மண்டபம் சாலையில் ஒட்டுக் கத்தரி நாற்று: பத்து ரூபாய் தகுமா?

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் செல்லும் சாலையில் உள்ள ஒரு தனியார் நாற்றுப் பண்ணை, சுண்டைக்காய்ச் செடியின் வேர்ப்பகுதியில் கத்தரியை ஒட்டுக் கட்டி, நாற்று ஒன்றைப் பத்து ரூபாய்க்கு விற்கிறது. அதே பண்ணையில் சாதாரணக் குழித்தட்டு நாற்று ஒரு ரூபாய்தான். கத்தரியோ தக்காளியோ திரும்பத் திரும்பப் பயிர் செய்து, மண்ணில் நோய் தங்கிவிட்ட தோட்டக்காரருக்கு இந்த விலை தகும். புது நிலத்தில் முதன்முறை கத்தரி வைப்பவருக்குத் தகாது என்பதே என் கருத்து.

உச்சிப்புளி, பெருங்குளம், ரெகுநாதபுரம் பகுதிகளில் நல்ல தண்ணீர் ஊறும் மணற்பாங்கான துண்டு நிலங்களில்தான் காய்கறி போட முடிகிறது. வேறு இடத்துக்கு மாற வழியில்லாததால் கத்தரி இனப் பயிர்களே மீண்டும் மீண்டும் அதே மண்ணில் வருகின்றன. இளகிய மணல் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு மிகவும் உகந்தது. காய்ப்பு ஓய்ந்த சாதாரணக் கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தால், பாசிமணி கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். அந்தப் புழு ஏற்படுத்தும் காயங்களின் வழியே பாக்டீரியா வாடல் நோயும் எளிதில் நுழைந்துவிடும். பச்சையாக நிற்கும் செடி திடீரெனத் தலை தொங்கிவிடுவது இதனால்தான். சுண்டையின் வேர் இவ்விரண்டையும் நன்றாகத் தாங்கும். ஜப்பானில் 1920களிலேயே தர்பூசணியைப் பூசணி வேரில் ஒட்டி வாடல் நோயைச் சமாளித்தார்கள்; கத்தரிக்கு அந்த முறை அதன் பிறகு வந்தது. நம் ஊர்களில் இது இன்னும் புதிது.

பண்ணையின் ஒட்டு வேலையில் குறை சொல்ல இடமில்லை. சாய்வாகச் சீவிய இரண்டு தண்டுகளும் ஒரே பருமனில் பொருந்தியிருக்கின்றன. சிறிய சிலிக்கான் கிளிப்பை விலக்கிப் பார்த்தால் வெட்டு நெடுகிலும் வெளிறிய தழும்பு இடைவெளியின்றிக் கூடியிருக்கிறது. காற்றில் ஈரம் குறையாத மூடிய அறையில் ஏறத்தாழ ஒரு வாரம் வைத்திருந்தால்தான் இப்படிக் கூடும் என்பதால், அவசரப்படாமல் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. சுண்டை விதை சீராக முளைக்காது என்பதாலும் அதைக் கத்தரிக்குச் சில வாரங்கள் முன்பே விதைக்க வேண்டியிருப்பதாலும், இரண்டு மாதத்துக்கு முன்பே முன்பணம் கேட்கிறார்கள். அது நியாயமே.

குறை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நிழல்வலைக் குடிலிலிருந்து தட்டை எடுத்து அப்படியே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். சில நாள் வெயிலில் வைத்துத் தண்ணீரைக் குறைத்துப் பதப்படுத்துவதில்லை. இந்தக் கரையின் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் அந்த இளந்தண்டு தாங்காமல், நட்ட முதல் வாரத்தில் ஓரத்து வரிசைகள் கருகின. மேலே ஒட்டியிருப்பது எந்த இரகம் என்ற சீட்டும் தட்டில் இல்லை. கேட்டால் “நல்லா காய்க்கும் அண்ணே, நம்பி வைங்க” என்ற பதில்தான் கிடைக்கிறது. உஜாலா நிறமா வரிக்கத்தரியா என்று தெரியாமல் சந்தைக்குப் பயிர் செய்கிறவர் எப்படி நம்பி வைப்பது?

நடும் முறையையும் அவர்கள் சொல்லித் தருவதில்லை. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். மண் அணைக்கும்போதும் அதை மூடக் கூடாது. மூடினால் கத்தரித் தண்டே வேர் விட்டு மண்ணில் இறங்கிவிடும், பத்து ரூபாய் வீண். ஒட்டுக்குக் கீழே முள்ளோடு கிளம்பும் சுண்டைத் துளிரை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மேலே உள்ள கத்தரியை அமுக்கிவிடும். ஆடிக் காற்றில் ஒட்டு முறியாமலிருக்கச் சவுக்குக் குச்சி ஊன்றிக் கட்டுவதும் அவசியம்.

இவற்றைச் செய்த தோட்டத்தில் பலன் கண்கூடாகத் தெரிகிறது. அதே பாத்தியில் பக்கத்து வரிசையில் நின்ற சாதாரணச் செடிகள் மழைக்குப் பின் ஆங்காங்கே வாடி விழுந்தபோதும் ஒட்டுச் செடிகள் நின்றன. காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்துவிட்டதில் மறுபடியும் தழைத்துப் பூத்தன. நூற்புழுவுக்கென்று குருணை மருந்து இடும் செலவும் மிச்சம். ஒரு செடியை நீண்ட காலம் வைத்துக் காய் பறிப்பவருக்குத்தான் நாற்றின் விலை திரும்பக் கிடைக்கும் என்பதை வாங்குவோர் கணக்கில் கொள்ள வேண்டும். தண்டு, காய்த்துளைப்பான் புழுவையோ தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோயையோ வேர் தடுக்காது. அவற்றுக்கான வேலை அப்படியேதான் இருக்கிறது. கிணற்று நீர் உவர்த்துவிட்ட நிலத்துக்கும் இதை மருந்தாக நினைக்க வேண்டாம்; முதலில் நீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்து மிளகாயிலும் ஒட்டு நாற்று தரப்போவதாகப் பண்ணையில் சொல்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய், மழையை நம்பிப் பெரும்பாலும் விதையை நேரடியாகத் தூவிப் பயிராவது. ஏக்கர் கணக்கில் அதற்குப் பத்து ரூபாய் நாற்று கட்டுப்படியாகாது. கிணற்றுப் பாசனத்தில் பச்சை மிளகாய் போடுபவர்கள் வேண்டுமானால் ஒரு தட்டு வாங்கிப் பார்க்கலாம், அதுவும் இரகத்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு.