யாஷா, க்ளூஜா? ருமேனியாவில் ஒரு ஊர்தான் என்றால்

ருமேனியா என்றதும் நம் ஆட்கள் நேராக டிராகுலா கோட்டைக்குத்தான் டிக்கெட் போடுகிறார்கள். போகட்டும். புத்தகம், நாடகம், பழைய பல்கலைக்கழகம் என்று அலைகிற ஆசாமிகளுக்கு அங்கே இரண்டு ஊர் இருக்கிறது. வடகிழக்கில், மால்டோவா எல்லைப் பக்கம் யாஷ். வடமேற்கில், திரான்சில்வேனியாவில் க்ளூஜ்-நபோகா. இரண்டுக்கும் நடுவே மலை, ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும், அதனால் ஒரு வார லீவில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. என் ஓட்டு யாஷுக்கு.

எது மூத்த பல்கலைக்கழகம் என்ற பஞ்சாயத்து இந்த இரண்டு ஊருக்கும் ஓயாது. 1860ல் தொடங்கிய யாஷ் பல்கலைக்கழகம் நவீன ருமேனியாவின் முதல் பல்கலைக்கழகம். க்ளூஜ்காரர்களோ 1581ல் வந்த ஜேசுயிட் பாதிரியார்களின் கல்லூரியிலிருந்து கணக்கை ஆரம்பிப்பார்கள். அங்கே இப்போதுள்ள பாபெஷ்-பொயாய் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு ருமேனிய மருத்துவ விஞ்ஞானியும் ஒரு ஹங்கேரியக் கணித மேதையும் இருக்கிறார்கள், பாடமும் இரு மொழியிலும் நடக்கிறது. க்ளூஜின் சுவாரசியமே இந்த இரட்டை முகம்தான். நடுச்சதுக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் ஹங்கேரிய மன்னர் மத்தியாஸ், 1443ல் இதே ஊரில் பிறந்தவர்.

நாடக அரங்கில் ஒரு வேடிக்கை. இரண்டு ஊர் தேசிய அரங்கையும் வடிவமைத்தது வியன்னாவின் ஃபெல்னர், ஹெல்மர் ஜோடிதான். யாஷில் 1896, க்ளூஜில் 1906. அண்ணன் தம்பி மாதிரி. உள்ளே பொன் வேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்க எனக்கு அண்ணன்தான்.

ஆனால் யாஷ் மனதில் ஒட்டுவது கட்டடங்களால் மட்டும் இல்லை. கோப்போ மேட்டுக்கு டிராம் ஏறிப் போனால் பூங்காவில் ஒரு வயதான லிண்டன் மரம் நிற்கிறது, விழாமலிருக்க இரும்புப் பட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். தேசியக் கவி எமினெஸ்கு இதன் நிழலில் உட்கார்ந்திருந்தார் என்பது ஊர்ப்பேச்சு. அவருடைய நண்பர், கதைசொல்லி க்ரியாங்கா இருந்த மண்வீடு இன்னொரு மேட்டில் இருக்கிறது. தாழ்வான சின்ன வீடு. 1918லேயே அதை நினைவில்லமாக்கிவிட்டார்கள், நாட்டிலேயே இதுதான் முதல். எழுத்தாளர் வீட்டைக் காப்பாற்றத் தெரிந்த ஊர்மேல் எனக்கு இயல்பாகவே ஒரு பாசம் வந்துவிடுகிறது.

அப்புறம் 1639ல் முடிந்த த்ரெய் இயெரார்ஹி தேவாலயம். வெளிச்சுவர் முழுக்கக் கல்லில் சரிகை போட்ட மாதிரி வரிவரியாகச் செதுக்கல், அடியிலிருந்து கோபுரம் வரை. கிட்டே போய் ஒவ்வொரு வரியாகப் பாருங்கள், அரை மணி நேரம் தெரியாமல் போய்விடும். இதே ஊரில்தான் 1876ல் நாடகாசிரியர் கோல்ட்ஃபாடன், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இட்டிஷ் மொழியின் முதல் தொழில்முறை நாடகக் குழுவை மேடையேற்றினார். 1941 ஜூனில் இங்கேயே ஆயிரக்கணக்கான யூதர்களைக் கொன்றார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தெருக்களில் நடப்பது சரியில்லை.

குறையும் உண்டு. பழைய தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே கம்யூனிஸ்ட் காலத்து அடுக்குமாடிகள், 1925ல் திறந்த கலாச்சார அரண்மனைக்குப் பின்னால் பெரிய மால் என்று கண்ணுக்கு ஒழுங்கு கிடைக்காது. க்ளூஜின் பழைய நடுப்பகுதி அந்த விஷயத்தில் கச்சிதம். காபிக்கடை, இரவு வாழ்க்கை, திரைப்பட விழா, பக்கத்தில் துர்தா உப்புச் சுரங்கம், எல்லாம் கைக்கெட்டும் தூரம். நண்பர்கள் பட்டாளமாகப் போனால் க்ளூஜே சரி. ஆகஸ்டில் அன்டோல்ட் இசை விழா நடக்கும் நாட்களில் மட்டும் வேண்டாம், அறை வாடகை எகிறிவிடும்.

யாஷுக்கு ஜூனில் போங்கள், லிண்டன் பூத்துத் தெருவே மணக்கும். அக்டோபர் 14ஐ ஒட்டிப் போவதென்றால் அறையை முதலிலேயே பிடித்துவிடுங்கள். அன்று புனித பரஸ்கேவாவின் திருநாள், இங்குள்ள பேராலயத்தில் வைத்திருக்கும் அவருடைய திருவுடலைத் தரிசிக்க வரும் கூட்டம் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்.