பெரிய ஹோம், ஆறு பேர் வீடு, சொந்த வீடு: தம்பிக்காகப் பார்த்த மூன்று வழிகள்

என் தம்பிக்கு 43 வயது. டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. அம்மா போன பிறகு தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என்னோடுதான் இருக்கிறான். எனக்கு 61. முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் நான் படுத்துக் கிடந்தபோது, பெரியம்மா மகள் வந்து இவனைப் பார்த்துக்கொண்டாள். இன்னொரு முறை அவளிடம் கேட்க எனக்கு வாய் வராது. அதனால் வழி தேட ஆரம்பித்தேன்.

கடைசியில் மூன்று மிஞ்சின. ஒன்று, டர்பனில் எண்பது பேருக்கு மேல் தங்கியிருக்கும் பெரிய ஹோம், அதாவது பராமரிப்பு இல்லம். இரண்டு, பீனிக்ஸ் பக்கம் சாதாரண வீடு ஒன்றில் ஆறு பேரை மட்டும் வைத்துக்கொள்ளும் சின்ன ஹோம். மூன்று, இவனை இங்கேயே வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு ஆள் போடுவது. இடங்களின் பெயர் வேண்டாம். குறை சொல்லப்போகும் இடத்தில் பெயரும் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "சின்ன இடமே நல்லது, வீடு மாதிரி இருக்கும்." நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த நாட்டில் இருந்துகொண்டு அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2015, 2016இல் ஹௌடெங் மாகாண சுகாதாரத் துறை லைஃப் எசிடிமேனி என்ற பெரிய நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, அங்கே இருந்த 1,700க்கும் மேற்பட்ட மனநோயாளிகளையும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களையும் வெளியேற்றியது. நிறையப் பேர் தொண்டு அமைப்புகள் நடத்திய இடங்களுக்குப் போனார்கள். 144 பேர் செத்துப்போனார்கள். 2017 பிப்ரவரியில் சுகாதார ஆம்பட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) மலேகாபுரு மகோபா கொடுத்த அறிக்கை, அவர்களை ஏற்றுக்கொண்ட 27 தொண்டு அமைப்புகளின் லைசன்ஸும் செல்லாதவை என்றது. பழைய இடத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 320 ரான்ட் செலவாகிக்கொண்டிருந்தது. புதிய இடங்களுக்குப் பேசியது 112.

அந்த 112தான் என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால் எந்த இடத்துக்கும் போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரான்டாக இருந்தது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். எந்நேரமும் ஒரே ஒரு ஆள் கண்முன் இருக்கவேண்டும் என்றாலே மாதம் சுமார் 21,000 ரான்ட் ஆனது. வாரத்துக்கு 45 மணி என்ற வரம்பைப் பார்த்தால் நான்கு பேர் வேண்டும். அரசின் சமூக உதவி அமைப்பான சாசா தம்பிக்குக் கொடுக்கும் ஊனமுற்றோர் உதவித்தொகை (கிராண்ட்) 2025 ஏப்ரலில் மாதம் 2,310 ஆக இருந்தது. ஆறு பேருடைய தொகையையும் அப்படியே சேர்த்தாலும் 13,860தான். அரிசி, மின்சாரம், வாடகை எல்லாம் அதற்கு மேல். ஆக "கிராண்ட் பணம் மட்டும் கொடுங்கள், போதும்" என்று ஒரு சின்ன ஹோம் சொன்னால், வெளியிலிருந்து யாரோ பணம் போடுகிறார்கள், இல்லையென்றால் உள்ளே ஏதோ ஒன்று குறைகிறது. பெரும்பாலும் குறைவது ராத்திரி ஆள்.

மூன்றாவது வழி இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போனது. பகலுக்கு மட்டும் பன்னிரண்டு மணி நேரம் ஆள் வைத்தாலும் பத்தாயிரத்துக்கு மேல். முழுநேரக் கவனிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு சாசா கிராண்ட்-இன்-எய்ட் என்று கூடுதலாகப் பணம் கொடுக்கிறது, 2025 ஏப்ரலில் அது 560. அரசு மானியம் பெறும் ஹோமில் சேர்த்துவிட்டால் அது கிடையாது. அந்தப் பணத்துக்காக வீட்டிலேயே வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பணத்தை விடுங்கள், ஆள் வராத நாளில் என்ன செய்வது? அப்புறம், நாள் முழுக்க டிவியும் நானும் மட்டுமே என்றால் அவனுக்கும்தான் வாழ்க்கை என்று என்ன இருக்கிறது?

பெரிய ஹோமில் நல்லது நிறைய இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரவும் பகலும் நர்ஸ் உண்டு. மாத்திரை கொடுத்ததும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். மாதம் ஒருமுறை எல்லாருக்கும் எடை பார்த்து எழுதுகிறார்கள். இவன் மாதிரிச் சரியாகப் பேசத் தெரியாதவர்களுக்கு எடைதான் வாய். சாப்பிட முடியாமல் போனாலும், தைராய்டு கெட்டாலும், வயிறு அடைத்தாலும் முதலில் அங்கேதான் தெரியும். படுக்கையிலேயே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடும் அட்டை கட்டிலிலேயே தொங்கியது. எழுதியிருந்த நேரங்களைப் பார்த்தேன். ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இல்லை. அது நல்ல அறிகுறி.

ஆனால் சாயந்திரம் நாலரைக்கு ராத்திரிச் சாப்பாடு, ஆறரைக்கு எல்லாரும் படுக்கையில். ஷிப்ட் மாறுவதற்குள் முடிக்கவேண்டுமாம். இரண்டு வாரம் சோதனைக்கு விட்டோம். திரும்பி வந்தபோது யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டிருந்தான், உதடெல்லாம் வெடித்திருந்தது. அம்மா அவனிடம் தமிழில்தான் பேசுவாள். அதனால் அவன் வாயில் வரும் நாற்பது ஐம்பது வார்த்தைகளில் அவசரத்துக்கு உதவுபவை எல்லாம் தமிழ்: தண்ணி, சோறு, வலி, போதும். அங்கே வேலை செய்பவர்கள் ஜுலு பேசுபவர்கள், அவர்களுக்குத் தண்ணீர் என்றால் அமான்சி. இவன் "தண்ணி" என்று கேட்டுக் கேட்டு விட்டுவிட்டிருக்கிறான். வார்த்தைகளை எழுதி நான் கொடுத்த தாள் ஆபீஸ் ஃபைலுக்குள் பத்திரமாக இருந்தது. இவனுடைய வார்டில் அந்த இரண்டு வாரத்தில் வேலை பார்த்தவர்கள் பதினோரு பேர். அவர்களைக் குறை சொல்லவில்லை. பதினோரு பேருக்கும் யார் போய் சொல்லிக்கொடுப்பது?

சின்ன ஹோமில் அந்தப் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்தது. அங்கேயும் ஜுலுப் பெண்தான், ஐந்து வருஷமாக அதே வீட்டில் இருப்பவர். ஒரு முறை சொன்னேன். மறுமுறை போனபோது "தண்ணி" என்று அவரே கேட்டு டம்ளரை நீட்டினார். இவன் போன பத்தாவது நிமிஷத்தில் சமையலறையில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தான். புரட்டாசியில் எங்களுக்குக் கறி மீன் கிடையாது என்றதும் தனிச் சட்டி வைக்கிறேன் என்றார். பெரிய ஹோமில் அதையே கேட்டதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள்.

சரி, அங்கேயே சேர்த்துவிடலாம் என்று மனசு சொல்லிவிட்டது. அப்புறம்தான், "ராத்திரி யார்?" என்று கேட்டேன். பகலில் சமைத்து, குளிப்பாட்டி, துணி துவைத்த அதே பெண்தான். "தூங்குவார், சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார்." அந்த ஆறு பேரில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டு வருவதில்லை. மாத்திரைகள் பிரிட்ஜ் மேல் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தன. கையெழுத்து இல்லை. எடை பார்க்கும் மிஷினும் இல்லை. லைசன்ஸைக் காட்டச் சொன்னபோது உடனே எடுத்துக் காட்டினார்கள். எத்தனை பேர் தங்கலாம் என்று அதில் இருந்ததும் சரியாக இருந்தது. அதனால் அவர்களிடம் மேலே பேசலாம் என்று தோன்றியது.

இன்னொரு விஷயமும் என்னை அந்தப் பக்கமே இழுத்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு ஞாபக மறதி நோய் சீக்கிரமே, நாற்பதுகளிலேயே வரத் தொடங்கலாம். நேற்றுவரை தானே ஷூ போட்டவன் இன்று இடது வலது தெரியாமல் நிற்கிறான் என்பதை ஐந்து வருஷம் கூட இருந்தவர் கண்டுபிடிப்பார். மாறி மாறி வரும் பதினோரு பேரால் முடியாது. அதே சமயம் அந்த ஒருவர் தவறு செய்தால், அடித்தாலும்கூட, பார்க்க இன்னொரு கண் கிடையாது. சின்ன இடத்தில் எனக்கு இருந்த பெரிய பயம் அதுதான். பெரிய ஹோமில் குறைந்தது பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வரும் உறவுக்காரர்களாவது இருப்பார்கள்.

அதனால் மற்ற ஐந்து குடும்பங்களையும் போய்ப் பார்த்தேன். ராத்திரி முழுக்க விழித்திருக்க ஒரு ஆள், வாரத்துக்கு ஐந்து இரவு, இருவர் மாற்றி மாற்றி: மாதம் சுமார் 7,500 ரான்ட். ஆறாகப் பிரித்தால் 1,250. இரண்டு குடும்பத்தால் முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் மேலே கேட்க எனக்கு மனமில்லை. மீதி நாலு பேர் ஆளுக்கு 1,875 போடுகிறோம். எடை மிஷின் நான் வாங்கிக் கொடுத்தேன். மாத்திரைக்குப் பூட்டுப் பெட்டியும் கையெழுத்து நோட்டும் வந்தன. நேரம் சொல்லாமல் எந்தக் குடும்பமும் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று எழுதி வாங்கினோம். ஹோம்காரருக்கு முதலில் முகம் சுருங்கியது. அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது மணிக்கு மேல் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். ஒரு முறை கதவு உடனே திறந்தது. இன்னொரு முறை நாலு நிமிஷம் ஆனது. ஒருவரை டாய்லெட்டுக்குக் கூட்டிப் போயிருந்தாராம். நோட்டிலும் அந்த நேரம் இருந்தது.

சனி, ஞாயிறு ராத்திரிக்கு இன்னும் ஆளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் தம்பியைத் திங்கள் காலை கொண்டுபோய் விட்டு, சனிக்கிழமை காலை கூட்டிக்கொண்டு வருகிறேன்.